கொம்பொடிஞ்ச பென்சு

வா கண்ணு, வா. செருப்பைத் திண்ணைக்கு அக்கட்டாலயே கழட்டு. அப்பிடியே அந்த மூஞ்சியையும் கழட்டி வெச்சுப்போட்டு வந்தீன்னா ஒரு டம்ளர் மோரு குடிக்கலாம். எழவு ஊட்டுக்கு வந்தவனாட்ட ஒக்காந்திருக்கறே. காரு எரிஞ்சா போச்சு? இஞ்சின் எடுக்குது, பிரேக்கு புடிக்குது, ஏசிகூட என்னமோ பெருமூச்சு உடுது. ஏரியலு ஒண்ணு கோணிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். இதுக்கா வெடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தே? உங்க அம்மிச்சி சன்னல்ல பார்த்துப்போட்டு, பையனுக்குக் காத்துக் கருப்பு அடிச்சுப்போச்சாட்ட இருக்குது, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போங்கங்கறா.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். யாரு பண்ணுனா, எப்பிடி ஆச்சுங்கற வெசாரணையெல்லாம் வேண்டாம். ஆடி நோம்பிக்கு நாப்பது ஒரம்பரை வந்து போன ஊடு இது. ஒவ்வொருத்தனா நிறுத்திக் கேட்டீன்னா நாளைக்கு உன்ற கண்ணாலத்துக்கு ஒருத்தன் வரமாட்டான். காக்கா வந்து ஒக்காந்திருக்கும்னு வெச்சுக்க.

என்ன, காக்கா ஒக்காந்தா வளையுமாங்கறியா? பெரிய காக்காயா இருந்திருக்கும்.

செரி, வண்டிக்கு வருவோம். நீ இந்தப் பென்சை வாங்கறேன்னு சொன்னப்பவே நான் என்ன சொன்னேன்? 96 மாடல். உன்ற வயசைவிடப் பெருசு. உனக்கு அண்ணன் மொறை ஆகோணும். அண்ணன்கிட்ட வேலை வாங்கோணும்னா மரியாதை வேணும். அதுக்கு ஒரு பேருகூடக் கெடையாது, ஜெயில்ல கைதிக்கு நம்பரு குடுக்கறாப்பல டபிள்யூ 124ங்கறீங்க. செருமனிக்காரன் வந்து பூனாவுல 1995ல இதைத்தான் மொதல்ல மாட்ட ஆரம்பிச்சான். அப்ப இங்க பொள்ளாச்சிப் பக்கம் தேங்கா மண்டிக்காரரு ஒருத்தரு இதே மாதிரி வெச்சிருந்தாரு. சந்தைக்கு முன்னால வண்டியை நிறுத்துனாருன்னா, பின்னால மட்கார்டுல இருந்து ஏரியலு நல்லபாம்பாட்ட மெதுவா எந்திரிக்கும். சனம் யாவாரத்தை உட்டுப்போட்டு வேடிக்கை பாக்கும். அவரு எறங்கவே மாட்டாரு, ஏரியலு முழுசா ஏறி முடியற வரைக்கும். அந்த ஆசைதானே உனக்கும்? வண்டி வாங்கியாந்த அன்னைக்கு ரேடியோவைப் போட்டு, "அப்புச்சி, இங்க பாருங்க"ன்னு ஏத்தி எறக்கிக் காமிச்சியே. எந்தப் பித்தானை அமுக்குனா ரேடியோ வரும், எதை அமுக்குனா நிக்கும்னு வெவரமாச் சொல்லிக் குடுத்தே. நானும் வெவரமாக் கேட்டுக்கிட்டேன்.

அப்பறம் என்ன பண்ணுனே? போன்ல இருந்து பாட்டுக் கேக்கறே. கம்பியில்லாத பாட்டுக்குக் கம்பி எதுக்கு கண்ணு? மொட்டைத் தலையன் சீப்பு வாங்குன கதை. ஆனா சீப்போட பல்லு ஒடிஞ்சா மட்டும் அழுவே.

ஏரியல்னா என்னன்னு உங்க தலைமொறைக்குத் தெரியாது. ரேடியோ வெச்சிருந்தா வருசா வருசம் போஸ்டாபீசுல லைசென்சுக்குப் பணம் கட்டுன ஆளு நான். வால்வு ரேடியோ. அது சூடேறிப் பேச ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு மாட்டைப் புடிச்சுக் கட்டிப்போட்டு வந்துடலாம். அதுக்கு ஏரியலு, ரெண்டு தென்னைக்கு நடுவுல கட்டுன செம்புக் கம்பி. கோயமுத்தூர் வானொலி 999 கிலோ ஹெர்ட்ஸ். அந்த அலையோட நீளம் முந்நூறு மீட்டரு. முந்நூறு மீட்டரு அலையைப் புடிக்க எம்பட கம்பி எத்தனை இருந்தாலும் பத்தாது, கெடைச்சதை வெச்சுக் கேட்டோம். எஃப்எம் அப்பிடியில்ல. நூறு மெகா ஹெர்ட்ஸுக்கு அலை மூணு மீட்டரு. அதுல கால் பங்கு முக்கா மீட்டரு. கம்பியை அந்த ஒசரத்துக்கு நிறுத்துனா அலை தானா வந்து ஒக்காந்துக்கும். காரு ஏரியலு அந்த நீளத்தோட நிக்கறதுக்கு அதுதான் காரணம். சும்மா சிங்காரத்துக்குன்னு நெனைச்சியா?

சிங்காரமும் உண்டுங்கறது வேற விசயம்.

உன்ற வண்டியில இருக்கறது ஹிர்ஷ்மன்னு ஒரு கம்பெனி ஏரியலு. செருமனிக்காரன், 1924ல ஆரம்பிச்சவன். ரேடியோக்காரங்க கையில இருக்குமே, மஞ்சளோ சிவப்போ ஒரு மூடி போட்டுக் குத்தற பிளக்கு, வாழைப்பழப் பிளக்குன்னு பேரு, அது அவன் கண்டுபுடிச்சதுன்னு சொல்றாங்க. இந்தப் பக்கம் வாழை போட்டுத் தார் வெட்டுனவன் ஆயிரம் பேரு, ஒருத்தனுக்காச்சும் அந்த ரோசனை வந்துச்சா? சப்பான் காரா இருந்தா பெரும்பாலும் ஹராடாங்கறவன் ஏரியலா இருக்கும். யாரு செஞ்சாலும் உள்ளுக்குள்ள வயித்தெரிச்சல் ஒண்ணேதான்.

கேட்டுக்க. வெளிய தெரியறது கரும்பாட்ட நாலஞ்சு கணு. ஒரு கணுவுக்குள்ள அடுத்த கணு போய் ஒடுங்கும். நுனிக் கணுவோட அடியில ஒரு நைலான் கயிறு கோத்திருப்பான். கயிறுன்னா தாம்புக்கயிறு இல்ல, வெறைப்பா, ஒரு பக்கம் பூராப் பல்லுப் பல்லா இருக்கும். கயித்தை இழுக்கலாம், தள்ள முடியுமான்னு கேப்பே. வெளிய முடியாது, கொழாய்க்குள்ள உட்டா முடியும். சாக்கடைக் கொழாயில அடைப்பெடுக்க ஒரு வயரைத் தள்றாங்கல்ல, அந்தக் கணக்கு. அடியில பன்னண்டு வோல்ட்டு மோட்டாரு ஒண்ணு. அது ஒரு பல்லுச் சக்கரத்தைச் சுத்தும், சக்கரம் நைலானோட பல்லைப் புடிச்சுத் தள்ளும், கம்பி ஏறும். திருப்பிச் சுத்துனா நைலானை இழுத்து ஒரு டப்பாவுக்குள்ள சுருட்டிக்கும், கம்பி எறங்கும். கம்பி எங்காச்சும் சிக்கிக்கிச்சுன்னா மோட்டாரு எரிஞ்சு போகக் கூடாதுன்னு நடுவுல ஒரு கிளச்சு, அது நழுவிக் குடுக்கும். இவ்வளவுதான் உன்ற பென்சோட மகிமை. நம்ம கெணத்து மோட்டாருல பாதி மூளைகூட வேண்டாம் இதுக்கு.

இதுல வர்ற சீக்கு மூணே மூணு, அதையும் காதுலயே கண்டுபுடிச்சுப்போடலாம். ரேடியோவைப் போட்டா மூச்சுப் பேச்சே இல்லாமக் கெடக்குதா? பியூசைப் பாரு, எர்த்தைப் பாரு, வயரைப் பாரு, கடைசியா மோட்டாரோட கார்பனைப் பாரு. எல்லாப் பயலும் கடைசியில இருந்துதான் ஆரம்பிக்கறான், அது வேற. மோட்டாரு சொய்ய்ங்னு சுத்துது, கம்பி மட்டும் கல்லாட்ட நிக்குதா? நைலான் அறுந்துபோச்சு, இல்ல பல்லு தேஞ்சுபோச்சு. கடகடகடன்னு பல்லுக் கடிக்குதா? கம்பி வளைஞ்சோ அழுக்கேறியோ சிக்கிக்கிச்சு, கிளச்சு நழுவுது. அந்தக் கடகடா சத்தத்தைக் கேட்டதும் ரேடியோவைத் திரும்பப் போட்டுக் கம்பியை ஏத்தியிருந்தா நைலானாவது தப்பிச்சிருக்கும். உன்றது மூணாவதுல ஆரம்பிச்சு ரெண்டாவதுல வந்து நின்னிருக்குது. மொதல்ல ஏழெட்டுத் தடவை கடகடன்னு அடிச்சுச்சு, அப்பறம் டக்குன்னு ஒண்ணு, அதுக்குப் பொறகு வெறும் சொய்ய்ங்...

என்ன அப்பிடிப் பாக்கறே? அடிச்சிருக்கும்னு சொல்ல வந்தேன். வாயி கொழறுது. வயசாச்சல்ல.

அந்தப் பெரிய கம்பெனிக்காரன்கிட்டக் கேட்டியாமா? மோட்டாரோட சேத்து முழுசா மாத்தோணும், சாமான் வெளிநாட்டுல இருந்து வரோணும், ஆறு வாரம் ஆகும்னு சொன்னானாமா? அவன் மேல தப்பில்ல. பித்தான் அறுந்துபோச்சுன்னு போறவனுக்குச் சட்டையை விக்கறதுதான் யாவாரம். அவன் சொன்ன வெலையைக் கேட்டதும் எனக்கு ஒரு கறவை மாடு கண்ணுல வந்துட்டுப் போச்சு, கன்னுக்குட்டியோட. கண்ணு, கம்பியும் நைலானும் சேந்து தனியாவே கெடைக்குது. மோட்டாரு நல்லாச் சுத்துது, அதைத் தொட வேண்டியதில்ல. மொத்தத்தையும் விக்கறவன் அதைச் சொல்லமாட்டான். மெட்ராசு புதுப்பேட்டையில பழைய சாமான் விக்கறவன் சொல்லுவான். ஆனா அளவு பார்த்து வாங்கோணும். எல்லா வண்டிக்கும் ஆகும்னு ஒரு கம்பி விப்பான் பாரு, அதை வாங்காதே. எல்லா ஊட்டுக்கும் மாப்பிள்ளை ஆகறேன்னு ஒருத்தன் வந்தா நம்புவியா? நைலானோட தடிமன், பல்லு, நீளம், மூணும் பழசோட ஒத்துப்போகோணும்.

வயரைப் பத்தி ஒரு வார்த்தை. ஏரியலுக்கு மூணு வயரு போகும். ஒண்ணு பேட்டரியில இருந்து எப்பவும் கரண்டோட இருக்கும். ரேடியோவை நிறுத்துன பொறகுதான் கம்பி எறங்கோணும், அப்பக் கரண்டு இல்லைன்னா எறங்குமா? ரெண்டாவது எர்த்து. மூணாவது சேதி சொல்ற வயரு. ரேடியோ பாடுது, ஏறு சாமின்னு சொல்லும். சேதி நின்னா எறங்கிக்கும். நீ பழைய ரேடியோவைக் கழட்டிப்போட்டு ஏதோ லைட்டு எரியற செட்டு மாட்டியிருக்கறே. புதுச் செட்டுகள்ல நீல வயரு ஏரியலுக்கு. நீலத்துல வெள்ளைக் கோடு போட்டிருந்தா அது ஆம்ப்ளிபயருக்கு. வெவரமில்லாதவன் வெள்ளைக் கோட்டுல குடுத்துப்போடுவான், நீ போன்ல பாட்டுக் கேட்டாக்கூடக் கம்பி எந்திரிச்சு நிக்கும். இன்னொருத்தன் மோட்டாரோட முழுக் கரண்டையும் அந்த நீல வயருலயே இழுப்பான், செட்டு கருகும். சேதி சொல்ற வயருல மூட்டை தூக்கச் சொல்லக் கூடாது. தேவைப்பட்டா நடுவுல ஒரு ரிலே வெக்கோணும். உனக்கு மாட்டுனவன் தெரிஞ்சோ தெரியாமலோ சரியாப் பண்ணியிருக்கறான். ரேடியோவுக்கு மாத்துனாத்தான் கம்பி ஏறும்.

என்ன?

ஓ. "நான்தான் ரேடியோவே போடறதில்லியே, அப்பறம் கம்பி எப்பிடி ஏறி நின்னுச்சு"ங்கறியா? படிச்ச புள்ளை. நல்ல கேள்விதான். மோரைக் குடி, ஆறிப்போகும்.

மோரு ஆறாதுங்கறியா? செரி, புளிச்சுப்போகும்.

வேலையைக் கேட்டுக்க, நடுவுல நடுவுல பேசாதே. டிக்கியில ஓரமா இருக்கற துணி லைனிங்கைக் கழட்டுனா மோட்டாரு தெரியும். இழுத்துப் பிக்காதே, அந்தக் கிளிப்பு முப்பது வருசத்துப் பிளாஸ்டிக்கு, அப்பளமாட்ட நொறுங்கும். இதே நைலான் அறுந்துபோகாம இருந்திருந்தா வேலை கண்ணாலச் சாப்பாட்டாட்ட லேசு. மட்கார்டுக்கு மேல இருக்கற நட்டைக் கழட்டிப்போட்டு, இன்னொருத்தனை ரேடியோவைப் போடச் சொன்னா, மோட்டாரே பழைய கம்பியை நைலானோட வெளிய துப்பிப்போடும். உன்றதுல அது நடக்காது. நுனியோட இருக்கற துண்டு மட்டும் கையோட வரும், மிச்சம் டப்பாவுக்குள்ள சுருண்டு கெடக்கும். இந்த எடத்துலதான் அவசரக்காரன் மாட்டுவான். உள்ள பழசு கெடக்கறது தெரியாமப் புதுசை உட்டுத் தள்ளுவான். ஒரு பொந்துல ரெண்டு பாம்பு. கடகடகட. மறுபடியும் புதுப்பேட்டை.

அதனால மொதல்ல பேட்டரியோட மைனசைக் கழட்டு. மேல நட்டு, அதுக்குக் கீழ இருக்கற ரப்பரு, எது எதுக்கு மேல இருந்துச்சுன்னு உன்ற போன்ல ஒரு போட்டோ எடுத்துக்க. அந்தப் போனு அதுக்காச்சும் உதவட்டும். நட்டுல ரெண்டு வெட்டு இருக்கும், அதுல மாட்டித் திருப்பற சாமான் இல்லைன்னா லேத்துக்காரன்கிட்டச் சொன்னா ஒரு பழைய கொழாயிலயே அறுத்துக் குடுப்பான். கொரட்டைப் போட்டுக் கடிக்காதே. கொரடு வழுக்குனா பெயிண்டுல ஒரு கோடு உழும், அந்தக் கோட்டுக்கு நீ அழற அழுகையை நாங்க கேக்க முடியாது. அப்பறம் மோட்டாரை எறக்கி, டப்பாவோட மூடியைத் தொற. உள்ள பழைய கிரீசு, வடச்சட்டி அடியில காஞ்ச எண்ணையாட்டக் கெட்டியா இருக்கும். சுருண்டு கெடக்கற நைலானையும் ஒடிஞ்ச பல்லுகளையும் ஒண்ணு உடாமப் பொறுக்கி எடு. மண்ணெண்ணை தொட்ட துணியில தொடச்சு, சக்கரத்துப் பல்லுக்கு மட்டும் புதுசா வெள்ளைக் கிரீசு ஒரு கடுகளவு. கடுகளவுன்னா கடுகளவுதான். உங்க அம்மிச்சி தலைக்கு எண்ணை வெக்கறாப்பல வழிய வழிய அப்பாதே.

அடியில ஒரு ரப்பர்க் கொழாய் தொங்கும். அதை நூத்துக்குத் தொண்ணூறு மெக்கானிக்குக் கண்டுக்கவே மாட்டான். கம்பி வழியா உள்ள எறங்கற மழைத்தண்ணி வெளிய போறதுக்கு அது. அதுல குளவி மண்ணுக் கட்டுச்சுன்னா தண்ணி தேங்கும், மோட்டாரு துருப்புடிச்சு வெறைச்சுப்போகும். ஊதிப் பாரு. மறுபக்கம் காத்து வரலைன்னா ஒரு ஈர்க்கைக் குத்து. வாயில ஊதறதுக்கு முன்னால குளவி உள்ள இருக்குதான்னு ஒரு தட்டுத் தட்டிக்க. ஒதடு வீங்கிப்போச்சுன்னா பொண்ணு பாக்கப் போற எடத்துல சொல்றதுக்குக் காரணம் கெடைக்காது.

எல்லாத்தையும் திரும்ப மாட்டிப்போட்டு, மைனசைக் குடு. இப்ப ரெண்டு ஆளு வேணும். ஒருத்தன் ரேடியோகிட்ட, நீ கம்பிகிட்ட. புது நைலானோட பல்லு, பழசு எந்தப் பக்கம் பார்த்திருந்துச்சோ அதே பக்கம் பாக்கோணும். ரேடியோவைப் போடச் சொல்லு, மோட்டாரு சுத்தி நிக்கட்டும். நைலானை மேல இருந்து கொழாய்க்குள்ள உட்டு, அடியில சக்கரத்துல முட்டற வரைக்கும் எறக்கு. முட்டுனதும் லேசா அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, "நிறுத்து"ன்னு ஒரு சத்தம் குடு. ரேடியோ நின்னதும் மோட்டாரு எறக்கத்துக்குச் சுத்தும், பல்லு கவ்வுச்சுன்னா நைலானைத் தானே இழுத்துக்கும். கன்னுக்குட்டி வாயில வைக்கோலு போறாப்பல நறுக்கு நறுக்குன்னு உள்ள போறதைப் பாக்கறதுக்கே ஒரு சந்தோசமா இருக்கும். கவ்வலைன்னா கோவப்படாதே, கம்பியை இம்மிணி திருப்பி மறுபடி ஒருக்கா. ரெண்டு மூணு தடவையில ஆகிப்போகும். அதுக்குள்ள ரேடியோகிட்ட ஒக்காந்திருக்கறவனை நீ திட்டுவே, அவன் உன்னைத் திட்டுவான். அதனால ரேடியோகிட்ட நான் ஒக்காந்துக்கறேன். எனக்கு அந்தப் பித்தானெல்லாம் பழக்கந்தான்.

புதுக் கம்பிக்கு எண்ணை போடறேன் கிரீசு போடறேன்னு எறங்காதே. இது செம்மண்ணுப் புழுதி. எண்ணை பட்டா ஒட்டிக்கும், கம்பி எறங்கறப்ப அந்த மண்ணு உள்ள போயி அரைக்கும். வாரத்துக்கு ஒருக்கா ஏத்தி உட்டு வறத்துணியில தொடச்சாப் போதும். வண்டி கழுவக் குடுக்கறப்ப ரேடியோவை நிறுத்திக் குடு.

அப்பறம், ஆடிக் காத்து. பாலக்காட்டுக் கணவாயில பூந்து வர்ற காத்து கண்ணு அது, அம்மியைத் தூக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அதுலதான் வளைஞ்சிருக்கோணும்னு நெனைக்கறேன். என்ன, வெரல் தண்டிகூட இல்லாத கம்பியில காத்து எப்பிடிப் புடிக்கும்ங்கறியா? நாயந்தான். வெறுங் கம்பியில புடிக்காது. காத்துப் புடிக்க ஏதாச்சும் ஒண்ணு அதுல தொங்கியிருந்தா... ஒரு பேச்சுக்குச் சொல்றேன். நாலு மொழத்துண்டு, நனைச்சதுன்னு வெச்சுக்க, அந்தக் கனமும் காத்தும் சேந்தா மேல் ரெண்டு கணுவும் கோணத்தான் செய்யும். கோணுனது தெரியாம ரேடியோவை நிறுத்துனா மோட்டாரு இழுக்கும், கம்பி வராது, பல்லு போகும். ஒரு பேச்சுக்குத்தான்.

ஏன் கொடியில காயப்போடலைன்னா? கொடி பூரா ஒரம்பரைப் பொம்பளைக சேலை. ரேடியோ ஏன் வண்டியிலன்னா? ஊட்டு டிவியை உன்ற மாமன் மக்க சினிமாவுக்குப் புடிச்சுக்கிச்சு, மனுசனுக்குச் சேதி கேக்கோணுமல்ல? இதெல்லாம் நீ கேக்கறதுக்கு முன்னாலயே நான் சொல்றேன், ஏன்னா நீ வெசாரணை பண்ணமாட்டேன்னு ஒத்துக்கிட்டே.

ஒத்துக்கலையா? செரி, எந்திரி. பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீசு வரைக்கும் போயிட்டு வா. மெட்ராசுல இருந்து ஒரு நீளமான அட்டைக் கொழாய் வந்திருக்கும், எம்பட பேருல. பணமெல்லாம் கட்டியாச்சு, ரசீதைக் காமிச்சாக் குடுப்பான். அளவெல்லாம் பழசைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கறேன், ஒத்துப்போகும். இந்தா ரசீது.

தேதியைப் பாக்காதே கண்ணு. ஆமா, முந்தாநேத்துதான் போட்டிருக்கறான். நீ இன்னைக்குக் காலையிலதான் பார்த்தே. அதுக்கென்ன இப்ப? போறப்ப டிக்கியில லைனிங்குக்குப் பின்னால ஒரு பச்சைக்கரைத் துண்டு கெடக்கும், அதை எடுத்து உங்க அம்மிச்சிகிட்டக் குடுக்காம நேரா எங்கிட்டக் குடுத்துப்போட்டுப் போ.